இரண்டாம் முறை நிரப்பியது

கிரேசுன் நகரின் மேட்டுப் பள்ளி, மூன்றாம் மாடி.
சன்னலுக்குக் கீழே கருங்கடல்
இன்று ஈயத்தின் நிறத்தில் கிடக்கிறது.
நாற்பத்தோரு பிள்ளைகள், நாற்பத்தோரு தாள்கள்.
ஒவ்வொரு தாளிலும் இருபத்தெட்டு வாக்கியங்கள்:
பாதி, பயத்தைக் கேட்கும்.
பாதி, பயத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்கிறாய் என்று கேட்கும்.
ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி
எப்போதும் என்பது வரை
ஐந்து வட்டங்கள், ஒன்றை நிரப்ப வேண்டும்.

"இதில் சரியும் இல்லை, தவறும் இல்லை" என்றேன்.
சிரித்துவிட்டார்கள்.
பன்னிரண்டு வருடப் படிப்பில்
அப்படி ஒரு தாள் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை.
"எவ்வளவு நேரம், ஹோஜாம்?" என்றான் ஒருவன்.
பழக்கதோஷம்,
பக்கத்துப் பெண் பார்க்காதபடி
தன் பயத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டான்.

ஜூனில் பல்கலைக்கழகத் தேர்வு.
இது ஏப்ரல்.

இரவு வாடகை அறையில் எண்களைப் பதிந்தேன்.
"நம்பும் ஒருவரிடம் பேசுகிறேன்" என்ற ஏழாம் வாக்கியத்தருகே
நெஸ்லிஷா பொடியெழுத்தில் கேட்டிருந்தாள்:
'பேசுகிறேன், ஆனால் பூனையிடம். கணக்கில் வருமா?'
வரும் என்று நான்கு போட்டேன்.
ஆய்வு நெறிமுறை என்னை மன்னிக்கட்டும்.

ஓர்ஹுன், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
சொந்தமாக ஒரு வட்டம் வரைந்து
அதை நிரப்பியிருந்தான்.

சாலாவின் தாளில் பத்தொன்பதாம் இடத்தில் ஓட்டை.
ஒன்றை நிரப்பி, அழித்து, ஐந்தை நிரப்பி, அழித்து,
காகிதம் கைவிட்டிருக்கிறது.
ஓட்டை வழியே என் மேசை தெரிந்தது.
பதில் இல்லாத இடத்தில் தொண்ணூற்றொன்பது போடு
என்கிறது அட்டவணை.
பதில் இருந்தது.
அதனால்தான் ஓட்டை.

பிறகு துனாஹான். கடைசி பெஞ்சு.
நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டு
ஹேசல் கொட்டையைக் கடைவாயில் வைத்து உடைத்தவன்.
இருபத்தெட்டுக்கும் ஒருபோதும் இல்லை,
ஒருபோதும் இல்லை, தூக்குநூல் பிடித்தாற்போல
நேராக இறங்கும் கறுப்புப் புள்ளிகள்.
மொத்தம் இருபத்தெட்டு.
ஆனால் அவன் இடது ஷூ
தரையைத் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன்.
அதற்கு என் தாளில் வட்டம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பு, அதே தாள்.
அளவுகோல் நல்லதென்றால்
மறுபடி அளந்தாலும் அதே எண் வரவேண்டும்.

இந்த முறை மணி அடித்தும் துனாஹான் எழவில்லை.
நூற்று மூன்று.
"யாரும் பார்க்காத இடத்தில் அழுகிறேன்" என்பதற்கு
அடிக்கடி என்று நிரப்பி,
ஓரத்தில்: குழாயைத் திறந்துவிட்டு.
தாளின் பின்புறம் ஒரே வரி:
'போன தடவை இதை அப்பாவுக்கு அனுப்புவீர்கள் என்று நினைத்தேன்.
அனுப்பவில்லை.'

அங்காராவிலிருந்து பேராசிரியர் போனில் கணக்குப் பார்த்தார்.
அவன் இல்லாவிட்டால் நம்பகம் புள்ளி எட்டு நான்கு.
அவனோடு சேர்த்தால் புள்ளி ஏழு ஒன்று.
"முப்பத்து மூன்றாம் வரியைத் தூக்கிவிடு, மெல்டா.
ஒருத்தன்தானே. அடுத்த வாரம் குழு உட்காருகிறது."

ஒரு பையன் உண்மை சொன்னதில்
என் கருவி பழுதாகிவிட்டது.

தேநீர் போட்டேன். குடிக்க மறந்தேன்.
முப்பத்து மூன்றாம் வரியில் சுட்டி துடித்தது.
இரண்டு மணிக்கு, புள்ளி ஏழு ஒன்று என்று எழுதினேன்.
அழித்தேன். மறுபடி எழுதினேன்.

கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை,
மூன்று முறை இடித்தபோதுதான்
என் இடது கால்
எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறது
என்று யோசித்தேன்.